கரைப்பான் போயிருக்கும் என்று நினைத்தேன்

பிளாஸ்டிக்குக்கும் வயதாகும். வெயிலும் மழையும் படாமல் அலமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும் சில பிளாஸ்டிக்குகள் தமக்குள்ளேயே மெல்ல மாறிக்கொண்டிருக்கும். கன அளவு மிகச் சிறிதளவு சுருங்கும், விறைப்பு கூடும், முன்பு வளைந்து கொடுத்தது பின்பு பட்டென்று முறியும். வேதியியல் கணக்கில் எதுவும் நடந்திருக்காது. ஒரு பிணைப்பும் அறுந்திருக்காது. இதைப் பௌதிக முதுமை என்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரூயிக் 1978ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். முனைவர் பட்டத்துக்காக நான் ஆய்வகத்தில் இருந்த காலம் முழுவதும் அந்தப் புத்தகம் என் மேசையில்தான் இருந்தது. அதில் வலியுறுத்தப்படும் ஒரு சோதனையை மட்டும் நான் செய்யாமல் விட்டேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பாலிமர் என்றால் நீண்ட சங்கிலி மூலக்கூறு. சூடாக இருக்கும்போது சங்கிலிகள் நெளியும், ஒன்றன்மீது ஒன்று வழுக்கும். குளிரக் குளிர அந்த நெளிவு மந்தமாகி, ஒரு கட்டத்தில் நின்றுபோகும். பி.எம்.எம்.ஏ. போன்ற பாலிமர்களில் பக்கக் கிளைகள் ஒழுங்கில்லாமல் அமைந்திருப்பதால் படிகமாக அடுக்கிக்கொள்ள வழியில்லை. இடியாப்பச் சிக்கலாகவே உறைந்துவிடும். தொட்டால் திண்மம், உள்ளமைப்பில் திரவம். இதுதான் கண்ணாடி நிலை. எந்த வெப்பநிலைக்குக் கீழே இப்படி உறைகிறதோ அதை ஆய்வகத்தில் டி.ஜி. என்று சுருக்கிச் சொல்வோம். பாலிஸ்டைரீனுக்கு அது 100 டிகிரி செல்சியசை ஒட்டி, பி.எம்.எம்.ஏ.வுக்கு ஏறத்தாழ 105, பாலிகார்பனேட்டுக்கு 150க்கு அருகில். உறைந்த பிறகும் சங்கிலிகள் முழு ஓய்வு கொள்வதில்லை. கிடைக்கிற சின்னச் சின்ன இடைவெளிகளில் அசைந்து, இன்னும் கொஞ்சம் நெருக்கமாக உட்காரப் பார்க்கின்றன. முதுமை அங்கிருந்துதான் வருகிறது.

எளிதாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் கண்ணாடி நிலை இன்றுவரை யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. நோபல் பரிசு பெற்ற ஃபிலிப் ஆண்டர்சன் 1995ல் எழுதிய ஒரு குறிப்பில், திடநிலைக் கோட்பாட்டில் தீராமல் கிடக்கும் சிக்கல்களில் மிக ஆழமானது அநேகமாக இதுதான் என்றார். அந்த வரியைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. இவ்வளவு பெரிய கேள்வியின் ஓரத்தில் ஒரு சிறு இடமாவது நமக்குக் கிடைக்காதா என்று ஏங்கினேன். அந்த ஏக்கத்தில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது பி.எம்.எம்.ஏ. கடைப் பெயர்ப்பலகைகளில் அக்ரிலிக் என்று நாம் பார்ப்பது இதைத்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களின் மேற்கூரைக் கண்ணாடிக்கு இதைப் பயன்படுத்தினார்கள். உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் போன துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டதை ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் கவனித்து, 1949ல் லண்டனில் முதல்முறையாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் இந்தப் பொருளால் செய்த லென்சைப் பொருத்தினார். 1992ல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப், அந்த லென்சை ஏழைகளும் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தது. என் பாட்டிக்குக் கண்புரை அறுவை செய்தபோது வைத்ததும் பி.எம்.எம்.ஏ. லென்ஸ்தான். அவர் மீண்டும் ஊசியில் நூல் கோத்ததைப் பார்த்தவன் நான். ஒரு பாலிமர்மீது பிரியம் வருமா என்று கேட்டால், எனக்கு வந்தது.

என் கேள்வி இது. முதுமை நடக்கும்போது மூலக்கூறு மட்டத்தில் எது நகர்கிறது? பி.எம்.எம்.ஏ. சங்கிலியின் பக்கவாட்டில் எஸ்டர் கிளைகள் இருக்கின்றன. அவை கொஞ்சம் சுழன்று வேறு நிலையில் அமர்கின்றனவா? அப்படி அமர்ந்தால் அகச்சிவப்பு நிறமாலையில் தெரிய வேண்டும்.

நிறமாலை வேலையின் அழகு அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பிணைப்பும் தனக்கென்று ஒரு தாளத்தில் அதிர்கிறது. அகச்சிவப்பு ஒளி படும்போது தன் தாளத்துக்குரிய ஒளியை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. எஸ்டரில் உள்ள கார்பனைல் பிணைப்பு அலை எண் 1730ஐ ஒட்டி உறிஞ்சும். நிறமாலையில் உயர்ந்து நிற்கும் முகடு அது. 1150 முதல் 1270 வரை எஸ்டரின் மற்றப் பிணைப்புகள் கூட்டமாக நிற்கும். பிணைப்பின் அக்கம்பக்கம் மாறினால் முகடு ஒன்றிரண்டு அலை எண் நகரும், அல்லது அகலம் மாறும். மாற்றம் அவ்வளவுதான். அதனால் கருவியை நம்புவதற்கு முன்பு தினமும் சரிபார்க்க வேண்டும். பாலிஸ்டைரீன் படலம் ஒன்றை அட்டையில் சட்டமிட்டுக் கருவியோடு கொடுத்திருப்பார்கள். அதன் முகடுகளில் ஒன்று 1601ல் விழ வேண்டும். காலையில் கருவி சூடானதும் நான் செய்கிற முதல் வேலை அதுதான். 1601ல் விழாத நாளில் வேலையைத் தொடங்கியதே இல்லை. கருவியின்மீது எனக்கிருந்த அந்த ஜாக்கிரதை என் மாதிரிப் படலத்தின்மீது இருக்கவில்லை.

படலம் செய்வது இப்படி. பி.எம்.எம்.ஏ. மணிகளைக் குளோரோஃபார்மில் போட்டு மூடி, இரவு முழுக்கக் காந்தக் கலக்கியில் சுழல விடுவேன். காலையில் தேன்போல் இழையும் தெளிவான கரைசல் கிடைக்கும். அதைச் சமதளமாக வைத்த பெட்ரி டிஷ்ஷில் குமிழி வராமல் ஊற்றி, மேலே அலுமினியத் தாளை மூடி, ஊசியால் துளைகள் போட்டு ஃபியூம் ஹுட்டுக்குள் வைத்துவிடுவேன். வேகமாகக் காய்ந்தால் படலம் சுருக்கம் விழுந்துவிடும், அதற்குத்தான் துளைகள். மறுநாள் பிளேடு முனையால் ஓரத்தை நெம்பினால் கண்ணாடித் தாள்போல் உரிந்து வரும். அதை வேக்குவம் டெசிக்கேட்டரில் ஒரு நாள் வைத்தெடுத்தால் மாதிரி தயார் என்பது எங்கள் ஆய்வகத்தில் வழிவழியாக வந்த முறை. என் சீனியர் எனக்குச் சொன்னார், நான் என் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் அப்போது சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். உரித்த படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணா, குளோரோஃபார்ம் முழுசா போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“அது அறுபத்தோரு டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கும்மா. ஒரு நாள் வேக்குவத்துல இருந்திருக்கு. இன்னுமா இருக்கும்?”

“எடை போட்டுப் பாக்கலாமாண்ணா?”

“பீக் எதுவும் தெரியலையே. தெரிஞ்சா பாக்கலாம்.”

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கடுமையாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் எடை போடுகிற தராசு அந்த அறையிலேயே, நாங்கள் நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தது.

படலங்களை டி.ஜி.க்குக் கீழே, 80 டிகிரி ஓவனில் வைத்து முதுமையடைய விட்டேன். குறித்த நேரங்களில் எடுத்து, ஏ.டி.ஆர். கருவியின் சின்ன வைரத்தின்மீது அழுத்திப் பதிவெடுப்பேன். நாளாக ஆகக் கார்பனைல் முகடு மேல் நோக்கிச் சிறிது நகர்ந்தது, அகலம் குறைந்தது. 1240ஐச் சுற்றியுள்ள எஸ்டர் கூட்டத்தின் வடிவமும் மாறியது. நகர்வின் அளவை நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் புள்ளிகள் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. முதுமை மடக்கை நேரத்தில்தான் நேர்கோடாகப் போகும் என்று ஸ்ட்ரூயிக் எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டைத் திரையில் பார்த்த மாலையில் எனக்குக் கை நடுங்கியது. எஸ்டர் கிளைகள் சுழன்று அமர்வதை நான் பார்த்துவிட்டேன் என்றே நம்பினேன்.

அந்தப் புத்தகம் சொல்கிற முதல் பரிசோதனை இன்னொன்று. பௌதிக முதுமை மீளக்கூடியது. படலத்தை டி.ஜி.க்கு மேலே சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் வயது அழிந்துவிடும். மறுபடி ஓவனில் வைத்தால் அதே மாற்றம் முதலிலிருந்து வர வேண்டும். வந்தால்தான் அது முதுமை. நான் அதைச் செய்யவில்லை. டி.ஜி.க்கு மேலே போனால் படலம் சுருண்டு, வைரத்தின்மீது சரியாக ஒட்டாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு செய்துகொள்ளலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். கோடு அவ்வளவு நேராக இருந்தது.

ஒரு மாநாட்டில் அதைப் பேசினேன். நன்றாகவே வரவேற்றார்கள். சுருக்கம் மாநாட்டுத் தொகுப்பில் அச்சானது. ஜூனியரின் ஆய்வுத் தலைப்பும் இதிலிருந்தே முளைத்தது. பி.எம்.எம்.ஏ.வுடன் வெவ்வேறு மென்மையாக்கிகளைக் கலந்து, எஸ்டர் கிளைகளின் சுழற்சி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. என் படலங்களைச் செய்த அதே முறையில், அதே குளோரோஃபார்மில், அவள் மாதிரிகளைத் தயாரிக்கத் தொடங்கினாள். பதிவேட்டில் தேதி வாரியாக, ஒவ்வொரு படலத்துக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி எழுதுவாள். அவ்வளவு சுத்தமான கையெழுத்தை அந்த ஆய்வகத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளுக்கு, பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகம் பார்க்க வந்தார்கள். ராமன் விளைவைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னுடையது. 1928ல் கல்கத்தாவில் ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கண்டுபிடித்ததை மட்டும் சொல்லி நிறுத்தக்கூடாது என்று, அதற்கு முந்தைய கதையையும் சொன்னேன். 1923லேயே ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன், தூய திரவத்தில் சிதறிய ஒளியில் வேறு நிறத்தின் சாயல் ஒன்றைப் பார்த்துவிட்டார். ஆனால் அதைப் புதிய கண்டுபிடிப்பு என்று அவர்கள் கொண்டாடவில்லை. திரவத்தில் கலந்திருக்கும் ஏதோ அழுக்கு ஒளிர்கிறது என்றுதான் சந்தேகப்பட்டார்கள். வெற்றிடத்தில் மெதுவாக, திரும்பத் திரும்ப வாலை வடித்துப் பார்த்தார்கள். எவ்வளவு தூய்மைப்படுத்தியும் அந்தச் சாயல் போகவில்லை. பின்னர் கிருஷ்ணன் மேலும் பல திரவங்களில் அதையே பார்த்தார். அழுக்கு என்ற சந்தேகம் முழுதாக நீங்கிய பிறகே அது ராமன் விளைவானது. பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள். ஒரு சிறுமி, “அழுக்கு இல்லைன்னு தெரிய அஞ்சு வருஷமா சார்?” என்று கேட்டாள். ஆமாம் என்று பெருமையோடு சொன்னேன். பின்வரிசையில் என் ஜூனியரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் ஓவனுக்குள் படலங்கள் இருந்தன.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு நடுவரின் கருத்துகள் வந்தன. பெரும்பாலும் நல்ல சொற்கள். ஒரு பத்தியில் மட்டும், படலங்களில் கரைப்பான் மீந்திருக்கவில்லை என்பதற்கான ஆதாரத்தைத் தரவும், மீள்சோதனையையும் சேர்க்கவும் என்று இருந்தது. ஜூனியர் கேட்ட அதே கேள்வி. அவள் கேட்டபோது வராத கோபம் இப்போது எனக்கு வந்தது. பெயர் தெரியாத அந்த மனிதருக்கு மறுக்க முடியாத பதிலொன்றைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். நான் அந்தச் சோதனையைச் செய்தது உண்மையைத் தெரிந்துகொள்ள அல்ல, அவர் வாயை அடைக்க. இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

குளோரோஃபார்மில் உள்ள ஒற்றை ஹைட்ரஜனை எடுத்துவிட்டு டியூட்டீரியத்தை வைத்தால் டியூட்டரேட்டட் குளோரோஃபார்ம். என்.எம்.ஆர். அறையில் எப்போதும் இருக்கும். கரைக்கும் குணத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் கார்பன்–டியூட்டீரியம் பிணைப்பு 2250ஐ ஒட்டி அதிர்கிறது, பி.எம்.எம்.ஏ.வுக்கு அங்கே சொல்லும்படியான முகடு எதுவும் இல்லை. காலியான நிலம் அது. அங்கே ஒன்று முளைத்தால் கரைப்பான் இருக்கிறது, முளைக்காவிட்டால் இல்லை. வைரத்தை இதற்கு நம்ப முடியாது, அந்தப் பகுதியில் வைரமே ஒளியை உறிஞ்சும். அதனால் படலத்தை நேராக ஒளியின் பாதையில் நிறுத்தி, ஊடுருவிப் போகும் ஒளியைப் பதிவெடுக்க ஏற்பாடு செய்தேன். என்.எம்.ஆர். பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு வாங்கிய சின்னப் புட்டியிலிருந்து, வழக்கமான முறையில் ஒரு படலம் செய்தேன். துளையிட்ட தாள், ஃபியூம் ஹுட், டெசிக்கேட்டரில் ஒரு நாள் என்று எதையும் மாற்றவில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்த நேரம். படலத்தைச் சட்டத்தில் செருகி, மூடியை மூடி, உள்ளே நைட்ரஜன் நிரம்பக் காத்திருந்தேன். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு 2350ஐ ஒட்டி உறிஞ்சும், அந்தத் தொல்லை இருக்கக்கூடாது. ஸ்கேன் ஓடத் தொடங்கியது. முதல் சில ஸ்கேன்களில் திரை முழுக்க இரைச்சல். சராசரி கூடக் கூட இரைச்சல் தணிந்து கோடு மென்மையானது. 2250க்குப் பக்கத்தில் லேசான மேடு ஒன்று தெரிந்தது. அடிக்கோடு வளைந்திருக்கும் என்று நினைத்தேன். இன்னும் சில ஸ்கேன்கள் ஆகட்டும் என்று விட்டேன். மேடு உயர்ந்து கூர்மையானது. அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கினேன். நடுவே உச்சி, இரு பக்கமும் சரிவு. தனித்து நிற்கும் முகடு.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அது அங்கேயே இருந்தது.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மனம் ஒரு பிடி தேடியது. கரைப்பான் இருந்தால் என்ன, கார்பனைல் நகர்வுக்கும் அதற்கும் தொடர்பில்லாமல் இருக்கலாமே? படலத்தை 80 டிகிரி ஓவனில் வைத்து, எடுத்து எடுத்து இரண்டு இடத்தையும் பதிவு செய்தேன். வைரத்தில் கார்பனைல், நேர் ஒளியில் 2250. நாள் போகப் போக 2250 முகடு தேய்ந்தது. கார்பனைல் மேலே ஏறியது. ஒன்றை மற்றதற்கு எதிராக வரைந்தேன். மடக்கை எதுவும் தேவைப்படவில்லை. அளவுகோல் வைத்ததுபோல் புள்ளிகள் நின்றன.

பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். படலத்தை வேக்குவம் ஓவனில் டி.ஜி.க்கு மேலே நன்றாகச் சூடாக்கிக் குளிர்வித்து, மறுபடி 80 டிகிரியில் வைத்தேன். 2250ல் எதுவும் இல்லை. கார்பனைல் அசையவில்லை. மறுநாளும், அதற்கடுத்த நாளும் அசையவில்லை. சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் அந்தப் படலத்தைத் தராசில் வைத்தேன். எடை குறைந்திருந்தது. சந்தேகப்பட இடமில்லாத அளவுக்குக் குறைந்திருந்தது.

நடந்தது என்ன என்பதை இப்போது ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். படலம் காயும்போது கரைப்பான் வெளியேற வெளியேற டி.ஜி. ஏறிக்கொண்டே போகிறது. அறை வெப்பநிலையை அது தாண்டிய கணத்தில் படலம் கண்ணாடியாக உறைந்து, மீதிக் கரைப்பானை உள்ளே பூட்டிவிடுகிறது. அதன் பிறகு கொதிநிலை 61 டிகிரி என்பதற்கு அர்த்தமில்லை, பூட்டிய அறைக்குள்ளிருந்து கசிந்துதான் வெளியே வர முடியும். குளோரோஃபார்மின் ஹைட்ரஜன் எஸ்டரின் கார்பனைலோடு பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்துக்கொள்கிறது. அதனால் கார்பனைல் முகடு கீழே இறங்கி அகன்றும் நிற்கிறது. ஓவனில் குளோரோஃபார்ம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் போக முகடு தன் இயல்பான இடத்துக்கு ஏறுகிறது. சுழன்று அமரும் கிளைகள் என்று நான் எழுதியது இதைத்தான்.

முகடு தெரியவில்லையே என்று ஜூனியரிடம் சொன்னேன் அல்லவா. குளோரோஃபார்மின் வலுவான முகடுகள் 1215ஐ ஒட்டி ஒன்று, 757ஐ ஒட்டி ஒன்று. முதலாவது பி.எம்.எம்.ஏ.வின் எஸ்டர் கூட்டத்துக்கு நடுவே விழுகிறது, இரண்டாவது பி.எம்.எம்.ஏ.வுக்கே உரிய 750 முகட்டின்மேல் ஏறிக்கொள்கிறது. எஸ்டர் கூட்டத்தின் வடிவம் மாறியதை நான் பார்த்தேன். அது 1215 குளோரோஃபார்ம் விலகிய மாற்றம். மடக்கைக் கோடு? மெல்லிய படலத்திலிருந்து கரைப்பான் கசியும் வேகமும் முதலில் விரைந்து பிறகு வெகுவாக மந்தமாகும். நேர அச்சைப் போதுமான அளவு நீட்டாமல் மடக்கையில் வரைந்தால் அதுவும் நேர்கோடாகத்தான் தோன்றும். அந்தக் கோட்டை நம்பித்தான் நான் மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டேன். இன்னொன்றும் உண்டு. கரைப்பான் இருக்கும்வரை படலத்தின் டி.ஜி. தாழ்ந்திருக்கும். 80 டிகிரியில் நான் வைத்த படலங்கள் தொடக்கத்தில் கண்ணாடி நிலையிலேயே இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

வழிகாட்டியான மேடத்திடம் மூன்று நிறமாலைகளை அச்செடுத்துக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். 2250 முகட்டின்மீது பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நானும் கேட்டிருக்கணும்” என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை நீயே எழுது, காரணத்தை மறைக்காமல் எழுது என்றார். எழுதினேன். நடுவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி முழு மனதோடு எழுதியது.

ஜூனியரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவள் மாதிரிகள் எல்லாமே அதே முறையில் செய்தவை. போதாதற்கு மென்மையாக்கியும் கலந்தவை. எது கரைப்பான் செய்த வேலை, எது மென்மையாக்கி செய்த வேலை என்று இனிப் பிரிக்கவே முடியாது. அவளுடைய உதவித்தொகைக் காலத்தில் கணிசமான பகுதி அந்தப் பதிவேட்டில் போயிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“எனக்கு அப்பவே தோணுச்சுண்ணா.”

“தெரியும். நீ கேட்ட.”

“நீங்க சொன்னதும் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் ரெண்டு மூணு விஷயம் தோணுச்சு. அதையும் கேக்கல.”

கரைப்பான் விஷயத்தைவிட இந்த வார்த்தைதான் என்னைப் பிடித்து உலுக்கியது. அந்த ரெண்டு மூணு விஷயம் என்னென்ன என்று கேட்டேன். முதலில் தயங்கினாள். அப்புறம் பதிவேட்டின் ஓரங்களில் பென்சிலில் சின்னதாகக் கேள்விக்குறி போட்டு வைத்திருந்த இடங்களைக் காட்டினாள். அவற்றில் ஒன்று, புதிதாகச் செய்த படலமும் சில நாள் வைத்திருந்து பதிவெடுத்த படலமும் ஏன் வேறுபடுகின்றன என்பது. ஓவனில் வைக்காமல், மேசையிலேயே கிடந்த படலங்கள் அவை. அந்தக் கேள்விக்குறியை ஒருநாள் நான் பார்த்திருந்தால்கூட எல்லாம் அங்கேயே நின்றிருக்கும்.

அவள் வேலையை மறுபடி தொடங்கியபோது கரைப்பானே வேண்டாம் என்று முடிவெடுத்தாள். மணிகளை நன்றாக உலர்த்தி, சூடான இரு தகடுகளுக்கிடையே உருக்கி அழுத்திப் படலம் செய்தாள். ஆரம்பத்தில் குமிழியும் மேடுபள்ளமுமாக வந்தது. விடாமல் முயன்று சரிசெய்தாள். படலங்களை உருக்கித் தருவது, எடை போடுவது, ஓவனைக் கவனிப்பது என்று நான் அவளுக்கு உதவியாளாக இருந்தேன். அவளுக்கு இழப்பானது திரும்பி வராது. பட்டம் அவள் நினைத்ததைவிடத் தாமதமாகவே கிடைத்தது. அந்தத் தாமதத்தில் என் பங்கை அவள் ஒருமுறையும் சொல்லிக்காட்டவில்லை.

என் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் இருக்கிறது. உருக்கி அழுத்திய படலங்களில், 80 டிகிரி முதுமையில், கார்பனைல் முகட்டின் நகர்வு என் கருவியின் இரைச்சலைத் தாண்டவில்லை. அதே படலங்களைச் சூடாக்கி வெப்ப ஓட்டத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவியில் வைத்தால் டி.ஜி.யை ஒட்டி முதுமையின் முகடு அழகாக எழும். டி.ஜி.க்கு மேலே சூடாக்கினால் அழியும், மறுபடி ஓவனில் வைத்தால் திரும்ப வரும். அதாவது முதுமை நடக்கிறது. ஆனால் நான் பார்த்த வழியில் அது தெரியவில்லை. எஸ்டர் கிளைகள் சுழல்கின்றனவா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்றுதான் அந்த அத்தியாயம் முடிகிறது. ஒவ்வொரு அட்டவணையிலும் முதல் பத்தியில் படலத்தின் எடை இருக்கும்.

ஆய்விதழ்க் கட்டுரையைத் திரும்பப் பெற முடிந்தது. மாநாட்டுச் சுருக்கத்தை முடியவில்லை; அது அச்சான தொகுப்பில் அப்படியே இருக்கிறது, ஏதோ நூலகங்களில் அடுக்கப்பட்டும் இருக்கும். கார்பனைல் நகர்வைக் கொண்டு பி.எம்.எம்.ஏ.வின் முதுமையை அளந்ததாகச் சொல்லும் ஒரு பக்கம் அது. பாலிமர் ஆய்வில் இருக்கும் யார் கையிலாவது அந்தப் பக்கம் அகப்பட்டால், தயவுசெய்து அதை மேற்கோள் காட்ட வேண்டாம். அதில் இருப்பது குளோரோஃபார்ம்.